குளிருக்குக் காசு கொடுப்பது யார்?

ஆகஸ்ட் மாத பில் வந்ததும் துபாயில் இருக்கிற நம்மூர்க் குடும்பங்களுக்குள் ஒரு விசாரணை தொடங்கிவிடும். "உங்களுக்கு எவ்வளவு வந்திச்சு?" ஒரே கட்டடம், ஒரே அளவு ஃபிளாட், இரண்டு வீட்டிலும் இரண்டிரண்டு பிள்ளைகள். ஒருவருக்கு 480 திர்ஹம், எதிர்வீட்டுக்காரருக்கு 900. முதலில் மீட்டர் மேல் சந்தேகம் வரும். பிறகு புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ் மேல். கடைசியில் அயர்ன் பாக்ஸ் தலையில் பழி விழும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் சூடாகிற அந்தப் பெட்டி என்ன பாவம் செய்ததோ!

நான் ஏசி மெக்கானிக். கீழக்கரைக்காரன். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனத் தொழில் படித்துவிட்டு, 1984இல் பம்பாய் வழியாக துபாய் போய் இறங்கினேன். எங்கள் ஊருக்கும் துபாய்க்கும் அதற்கு முன்பே நல்ல போக்குவரத்து இருந்தது. எங்கள் ஊரில் பிறந்த பி. எஸ். அப்துர் ரஹ்மான் 1973இல் அங்கே தொடங்கிய ஈ.டி.ஏ. நிறுவனம், தமிழ்நாட்டிலிருந்து கொத்துக்கொத்தாக ஆட்களை எடுத்தது. நான் போனது அங்கே அல்ல, தேராவில் நாலைந்து பேர் வேலை பார்த்த ஒரு சிறிய பட்டறைக்கு. ஏணி, கிளாம்ப் மீட்டர், கேஸ் சிலிண்டர், ஒரு பழைய பிக்கப் வண்டி. வேலையிலிருந்து நின்ற பிறகும் சொந்தக்காரர்கள் என்னிடம் பில்லைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் தொகையைப் பார்ப்பதற்கு முன் ஒன்று கேட்பேன்: "வீட்டைக் குளிர்விக்கிற செலவு இந்த பில்லுக்குள்ள இருக்கா, வெளிய இருக்கா?" அது தெரியாமல் இரண்டு பில்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. பாலைவனத்து மின்கட்டணத்தின் வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது. குளிருக்கு யார் காசு கொடுப்பது?

கரண்ட் வருவதற்கு முன்னால் இருந்தே தொடங்க வேண்டும். துபாய் க்ரீக்கின் தென்கரையில் பஸ்தகியா என்று ஒரு பழைய குடியிருப்பு. இப்போது அல் ஃபஹீதி என்பார்கள், சுற்றுலாப் பயணிகள் கூட்டமாகப் போய் படம் எடுக்கிற இடம். 1890களிலிருந்து தென் ஈரானின் பஸ்தக், லிங்கே பக்கத்து வணிகர்கள் வந்து குடியேறிய தெரு அது. அங்கே சுங்கவரி ஏறிக்கொண்டிருந்தபோது இங்கே ஆட்சியாளர் வரிச்சலுகை கொடுத்தார், கரை மாறினார்கள். வரும்போது பர்ஜீலையும் கொண்டுவந்தார்கள். வீட்டின் மேல் எழும்பி நிற்கும் சதுரக் காற்றுக் கோபுரம் அது. நாலு பக்கமும் திறந்திருக்கும். உள்ளே மூலைக்கு மூலை குறுக்குச் சுவர் வைத்திருப்பார்கள். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அந்தச் சுவரில் முட்டிக் கீழே இறங்கும், எதிர்ப்பக்க வழியாகச் சூடான காற்று மேலேறிப் போகும். கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லும் ஜிப்சமும் சேர்த்துக் கட்டிய தடிச்சுவர். குளிர்காலத்தில் கோபுரத்தின் அடிவாயைப் பலகை போட்டு மூடிவிடுவார்கள்.

இப்போதெல்லாம் பத்திரிகைகளில் பர்ஜீலைப் பற்றி எழுதுகிறவர்கள், கரண்டே இல்லாத ஏசி என்று மெச்சுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கோபுரத்தின் அடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காற்று வருகிறது, வியர்வை காய்கிறது, அதுவரை சரி. ஆனால் ஆகஸ்டில் துபாய்க் கடற்கரைக் காற்றில் இருக்கும் ஈரத்தைப் பர்ஜீல் ஒன்றும் செய்ய முடியாது. வசதியுள்ள குடும்பங்கள் கோடையில் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே கிளம்பிவிடும். ஒட்டகத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு புரைமி, ராஸ் அல் கைமா பக்கத்துப் பேரீச்சந் தோட்டங்களுக்குப் போய், பழம் பழுத்து முடிகிறவரை அங்கேயே தங்குவார்கள். ஆண்களில் பெரும்பாலோர் அந்த மாதங்களில் முத்துக்குளிக்கக் கடலில் இருந்தார்கள். பெரிய குளியல் பருவம் ஜூன் முதல் செப்டம்பர் இறுதி வரை. சுட்டெரிக்கும் வெயிலில் கப்பல்தளத்தில் கிடந்து, மூச்சை அடக்கி முத்துச்சிப்பி எடுத்த அந்த ஆட்களின் உழைப்பில் வந்த காசுதான் கரையில் கோபுரமாக நின்றது. ஊரில் தங்கியவர்களில் ஏழைகளுக்குப் பரஸ்தி என்கிற ஈச்சமட்டைக் குடிசை. காற்று உள்ளே வந்துபோகும் என்பதால் பகலில் அது பரவாயில்லை. தீப்பிடித்தால்தான் தெருவே போய்விடும். ஆக, அந்தக் காலத்திலும் குளிர்ச்சி இலவசமாகக் கிடைத்துவிடவில்லை. காசு இருந்தவன் கோபுரம் கட்டினான், இல்லாதவன் கடலுக்குப் போனான்.

1959இல் ஷேக் ராஷித் துபாய் மின்சாரக் கம்பெனியை ஏற்படுத்தினார். 1961இல் கரண்ட் ஓடத் தொடங்கியது. எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966இல். அதாவது எண்ணெய்ப் பணம் வருவதற்கு முன்பே, ஒரு வணிகத் துறைமுகத்தின் வருமானத்தில் கம்பம் நட்டுவிட்டார்கள். இதில் நம் நாட்டுக்கு ஒரு தொடர்பும் உண்டு. அப்போது துபாயில் புழங்கியது ரூபாய். 1959இலிருந்து ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனியாக நோட்டு அச்சடித்து அனுப்பிக்கொண்டிருந்தது. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும், நம்மோடு சேர்ந்து நஷ்டப்படுவானேன் என்று அந்த நோட்டை அவர்கள் கைவிட்டார்கள். பிறகு கத்தாரோடு சேர்ந்து ஒரு ரியால், 1973இலிருந்து திர்ஹம். அந்த ஊரின் முதல் சில வருஷத்து மின்கட்டணம் நம் ரிசர்வ் வங்கி அச்சடித்த நோட்டில்தான் வசூலானது.

முதலில் விளக்கு, அப்புறம் ஃபேன். ஏசி வந்த பிறகு வீட்டின் உடம்பே மாறியது. பவளக்கல் சுவர் போய், உள்ளே பொள்ளலான சிமெண்ட் பிளாக் சுவர் வந்தது. கையால் தொட்டால் மதியம் மூன்று மணிக்கு மேல் சுடும், இரவு பதினோரு மணி வரை அந்தச் சூட்டை உள்ளே கக்கிக்கொண்டிருக்கும். முற்றம் மறைந்தது, ஜன்னல் ஓட்டையில் ஏசி பெட்டி உட்கார்ந்தது. நான் போனபோது தேரா, நாயிஃப், சத்வா எங்கும் ஜன்னல் ஏசிதான். தெருவில் நடந்தால் தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். அதே எண்பதுகளில் பஸ்தகியாவின் பாதியை இடித்துத் தள்ளினார்கள். ஒரு பக்கம் பர்ஜீல் விழுந்துகொண்டிருந்தது, மறுபக்கம் நாங்கள் ஒன்றரை டன் பெட்டிகளைத் தோளில் சுமந்து மாடி ஏறிக்கொண்டிருந்தோம்.

ஏசியை ஏன் டன்னில் அளக்கிறோம் என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. "இந்தப் பெட்டி ஒன்றரை டன் எடையா பாய்?" என்பார்கள். இது பனிக்கட்டி வியாபாரம் விட்டுப்போன அளவு. ஒரு அமெரிக்க டன் பனிக்கட்டி, அதாவது 2000 பவுண்டு, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் குளிர். சென்னை மெரினாவில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த அந்தப் பனிக்கட்டியைப் போட்டு வைக்கத்தான். கணக்கில் சொன்னால் ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., ஏறத்தாழ மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியே தள்ளும் வேலை. ஒன்றரை டன் ஜன்னல் ஏசி அதற்குச் சுமாராக இரண்டு கிலோவாட் கரண்ட் இழுக்கும். கம்ப்ரெஸர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 24 யூனிட், மாதத்துக்கு 720. இரண்டு படுக்கையறை வீட்டில் மூன்று பெட்டி என்றால் 2000 யூனிட்டைத் தாண்டிவிட்டது. அயர்ன் பாக்ஸை இனியாவது விட்டுவிடுங்கள்.

பாலைவனம் என்றதும் எல்லாரும் உலர்ந்த சூடு என்று நினைக்கிறார்கள். ராஜஸ்தானில் வைக்கோல் வைத்த தண்ணீர்க் கூலர் ஓடுகிறது, இங்கே ஏன் ஓடாது என்று புதிதாக வந்த பையன்கள் கேட்பார்கள். காற்று உலர்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகிக் குளிர் தரும். துபாய், ஷார்ஜா, அபுதாபி எல்லாம் கடலை ஒட்டிய ஊர்கள். ஆகஸ்டில் பகலில் 41 டிகிரி, ராத்திரியும் 30க்குக் கீழே இறங்க மனமில்லாமல் நிற்கும். மூக்குக்கண்ணாடியோடு வெளியே வந்தால் கண்ணாடி வியர்த்துப் பார்வை மறையும். அந்த ஈரத்தைக் காற்றிலிருந்து பிழிந்து எடுக்கிற வேலையும் ஏசியின் தலையில். ஏசிக் குழாயின் கீழே ஒரு வாளியை வைத்துப் பாருங்கள், விடிவதற்குள் நிரம்பும். அந்தத் தண்ணீருக்கும் யூனிட் கணக்கில் காசு போயிருக்கிறது. இதனால்தான் 40 டிகிரி உலர்ந்த நாளின் பில்லும் 40 டிகிரி ஈரமான நாளின் பில்லும் ஒன்றாக இருக்காது.

எங்கள் தொழிலில் பெட்டியின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும். உலகத்தில் பெரும்பாலான ஏசிகளை வெளிவெப்பம் 35 டிகிரியில் வைத்துச் சோதிக்கிறார்கள். வளைகுடாவுக்கு டி3 என்று தனி வகை, 46 டிகிரியில் சோதித்தது. ஊரிலிருந்து மலிவாகக் கிடைத்ததென்று யாராவது டி1 பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினால், ஜூலையில் அது மூச்சுத் திணறும். கரண்ட் மட்டும் இழுக்கும், குளிர் வராது. கண்டென்சர் காயிலில் மணல் ஒட்டும், கடல் ஈரம் அதைச் சேறாக்கும், உப்பு தகட்டை அரிக்கும். அப்படி அடைபட்ட காயிலை வாட்டர் பம்ப் அடித்துக் கழுவிய பிறகு கிளாம்ப் மீட்டரைப் போட்டால், ஆம்பியர் இறங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும். எதிரெதிர் வீடுகளில் 480க்கும் 900க்கும் இருக்கிற வித்தியாசத்தில் பாதி இந்தச் சேறுதான் என்று பல வீட்டில் காட்டியிருக்கிறேன். மீதிப் பாதி சுவர் எந்தத் திசை பார்க்கிறது என்பது. மேற்குப் பார்த்த படுக்கையறை, மேலே மொட்டைமாடி உள்ள கடைசித் தளம், இந்த இரண்டும் சேர்ந்த ஃபிளாட்டுக்கு வாடகை கொஞ்சம் குறைவாகச் சொல்வார்கள். குறைந்த அந்தக் காசு பில்லில் திரும்பி வந்துவிடும். வேறு வேறு கட்டடம் என்றால் இன்னொன்றும் உண்டு, கட்டடத்தின் வயது. 2003இல் துபாய் மாநகராட்சி புதிய கட்டடங்களுக்கு வெப்பத்தடுப்பு கட்டாயம் என்று விதி கொண்டுவந்தது. அதற்கு முன் எழும்பியதும் பின் எழும்பியதும் வெளியே ஒன்றுபோல இருக்கலாம், மீட்டர் வேறு கதை சொல்லும்.

தண்ணீரையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பில்லில் அதுவும் சேர்ந்தே வருகிறது. துபாயில் குடிநீரும் கரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஜெபல் அலி கடற்கரையில் எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், அந்தச் சூட்டைக் கொண்டே கடல்நீரைக் காய்ச்சி உப்பை நீக்குகிறார்கள். 1992 ஜனவரி 1ஆம் தேதி மின்சாரக் கம்பெனியையும் தண்ணீர்த் துறையையும் ஒன்றாக்கித்தான் தேவா என்கிற மின்சார, தண்ணீர் ஆணையம் உருவானது. வெள்ளைக்காரன் போய்விட்டாலும் அவன் கேலன் உடனே போகவில்லை. தண்ணீரைப் பல வருஷம் பில்லில் இம்பீரியல் கேலனில்தான் போட்டார்கள், ஒரு கேலனுக்கு நாலரை லிட்டர். சுவரில் பிளக் சதுரக்கால் மூன்று பின், அதுவும் பிரிட்டிஷ்தான். நம்மூர் உருண்டைப் பின் மிக்ஸியை வைத்துக்கொண்டு அடாப்டர் தேடாத புதுமணப்பெண் துபாயில் இல்லை. கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் கொதிக்கக் கொதிக்க வரும். அதற்கு அங்கே எல்லா வீட்டிலும் ஒரு வித்தை உண்டு. ஜூன் பிறந்ததும் குளியலறை வாட்டர் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். ஹீட்டர் தொட்டி வீட்டுக்குள் ஏசிக் குளிரில் இருப்பதால் அதில் நிற்கிற தண்ணீர் ஆறியிருக்கும். சூட்டுக் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர். புதிதாக வந்த விருந்தாளிகள் அலறுவது வழக்கம்.

இத்தனையும் பில்லைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு. துபாய்க்குப் போன தமிழர்களில் பெரும்பாலோர் வருஷக்கணக்கில் ஒரு மின்சார பில்லைக்கூடப் பார்த்ததில்லை. சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்தவனுக்கு கரண்ட் கம்பெனிக் கணக்கு. பெட்ஸ்பேஸில், அதாவது ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து இருந்தவனுக்கு வாடகையோடு சேர்ந்தது. ஒரு அறையில் எட்டு கட்டில், ஒரு ஜன்னல் ஏசி. பில்லைப் பார்க்காதவர்களுக்குள்ளும் அதே கேள்வி வேறு உருவில் வந்தது. இரவு ஷிப்டுக்காரன் பகலில் தூங்க வேண்டும், பகலில் ஏசி போட்டால் மீட்டர் ஏறும், மொத்தமாக அறையை எடுத்து உள்வாடகைக்கு விட்டவர் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். ஏசி அடைப்பு எடுக்கப் போன இடத்தில் அந்த மாதிரிப் பஞ்சாயத்துகளுக்கு நடுவில் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறேன். "நானா, நீங்க சொல்லுங்க, ராத்திரி முழுக்க ஓடுனா எவ்ளோ ஆகும்?" என்று இரண்டு பக்கமும் என்னையே கேட்பார்கள். உண்மையான எண்ணைச் சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் கோபம் வரும்.

2008 மார்ச்சில் படிக்கட்டு வந்தது. அதுவரை எவ்வளவு எரித்தாலும் யூனிட்டுக்கு ஒரே விலையாக இருந்ததை மாற்றி, எரிக்க எரிக்க விலை ஏறுகிற முறையைக் கொண்டுவந்தார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாலு படி. 2011இல் விலையை உயர்த்தினார்கள். மாதம் முதல் 2000 யூனிட்டுக்கு 23 ஃபில்ஸ் (நூறு ஃபில்ஸ் ஒரு திர்ஹம்), அடுத்த 2000க்கு 28, அதற்கடுத்த 2000க்கு 32, 6000க்கு மேல் போனால் 38. அதோடு எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று ஒரு புது வரியும் பில்லில் ஏறியது, யூனிட்டுக்கு 5, 6 ஃபில்ஸ் வாக்கில் ஏறி இறங்கும். காரணம் வெளிப்படையானது. துபாயில் எரிவாயு போதாது. 2007இலிருந்து கத்தார் எரிவாயு கடலடிக் குழாயில் வருகிறது, 2010 கடைசியில் கப்பலில் திரவ எரிவாயுவும் வாங்கத் தொடங்கினார்கள். கொளுத்துகிற பொருளை வெளியில் விலைக்கு வாங்கினால், குளிர்கிறவன் தலையில் பங்கு விழும். இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஏசியை 18இல் வைத்துவிட்டு கம்பளி போர்த்திக்கொள்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்தவன். ஆனால் அந்தப் படிக்கட்டு எல்லாருக்கும் ஒரே உயரம் இல்லை. அந்நாட்டுக் குடிமக்களுக்கு யூனிட் விலை நமக்கு இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

பில்லில் இன்னொரு வரி இருக்கிறது, புதிதாக வந்த குடும்பங்களைக் குழப்புவது அதுதான். வீட்டுவரி. வருஷ வாடகையில் 5 சதவீதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் மின்சார பில்லோடு வசூலிப்பார்கள். 60,000 திர்ஹம் வாடகை என்றால் மாதம் 250. ஜனவரியில் ஏசியே போடாமல் 400 யூனிட் ஓட்டினால் கரண்ட் 92 திர்ஹம்தான், பில் மட்டும் 350ஐத் தாண்டி நிற்கும். "ஒண்ணுமே எரிக்கல, இவ்வளவு போட்டுட்டான்" என்று சண்டைக்குப் போவதற்கு முன் அந்த வரியைப் பாருங்கள் என்பேன். இப்படி வாடகை அதிகமான வீட்டு பில்லையும் குறைந்த வீட்டு பில்லையும் மொத்தத் தொகையில் ஒப்பிடுவது வீண். யூனிட்டை மட்டும் எடுங்கள். அதையும் பில் போட்ட நாட்களால் வகுத்துக்கொள்ளுங்கள், ஒரு பில் 29 நாளுக்கும் இன்னொன்று 33 நாளுக்கும் இருக்கலாம்.

ஊர்விட்டு ஊர் ஒப்பிட்டால் வேடிக்கை இன்னும் கூடும். அபுதாபி பில்லில் இரண்டே நிறம், பச்சையும் சிவப்பும். படியும் மாதக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில் வரும். 2017 விலைப்படி, ஃபிளாட்டில் குடியிருக்கும் வெளிநாட்டவருக்கு நாளுக்கு 20 யூனிட் வரை 26.8 ஃபில்ஸ், அதற்கு மேல் 30.5. ஷார்ஜாவில் பல வீட்டு பில்லில் அடுப்பு எரிகிற குழாய் எரிவாயுவும் சேர்ந்து வரும், ஆகவே அதைத் துபாய் பில்லோடு நேரடியாக வைக்க முடியாது. சவுதியில் 2018 ஜனவரியில் ஒரே தாவலாக வீட்டுக் கட்டணத்தை 6000 யூனிட் வரை 18 ஹலாலா (நூறு ஹலாலா ஒரு ரியால்) ஆக்கினார்கள். அதற்கு முன் முதல் 2000 யூனிட்டுக்கு 5 ஹலாலாதான். ரியாத்தில் இருந்த சொந்தக்காரர்கள் பலர் அந்த வருஷம்தான் பில்லை முதல்முறையாக இரண்டு தடவை படித்தார்கள்.

குவைத் எல்லாவற்றுக்கும் மேலே. 1966இல் வைத்த விலை, யூனிட்டுக்கு 2 ஃபில்ஸ், குடிமக்கள் வீட்டுக்கு இன்றும் அதே. 2017இல் வாடகை அடுக்குமாடிகளுக்கு 5 ஆக்கினார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. குவைத் ஃபில்ஸ் தினாரில் ஆயிரத்தில் ஒன்று, துபாய் ஃபில்ஸ் திர்ஹமில் நூற்றில் ஒன்று. ஒரு தினாருக்கு ஏறத்தாழ 12 திர்ஹம் என்று வைத்தால், குவைத்தின் 5 ஃபில்ஸ் துபாயின் 6 ஃபில்ஸ்தான். வரியை விட்டுவிட்டு, மாதம் 2000 யூனிட் எரிகிற ஒரு ஃபிளாட்டை ஊர் ஊராகத் தூக்கி வைத்து ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். துபாயில் எரிபொருள் கூடுதலையும் சேர்த்து 580 திர்ஹம். அபுதாபியில் 588. சவுதியில் 360 ரியால், திர்ஹமில் 350 சொச்சம். குவைத் வாடகை ஃபிளாட்டில் 10 தினார், அதாவது 120 திர்ஹம். அதே 2000 யூனிட் குவைத் குடிமகன் வீட்டில் 4 தினார். எல்லா ஊரிலும் அதே சூரியன், அதே டி3 பெட்டி. மிச்சத்தை அரசாங்கம் கொடுக்கிறதா, குடியிருப்பவன் கொடுக்கிறானா என்பதுதான் இந்த எண்களுக்குள் இருக்கிறது. நம் தமிழ்நாட்டு வழக்கத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு பில், 2016இலிருந்து அதில் 100 யூனிட் இலவசம். ஊருக்கு வந்திருக்கும்போது அக்காமார்கள் சொல்கிற பில்லை இரண்டாக வகுக்காமல் துபாய் பில்லோடு ஒப்பிட்டு, இங்கேயும் அதே செலவுதான் என்று சொல்கிற துபாய்க்காரர்கள் இருக்கிறார்கள்.

பிறகு குளிரை உண்டாக்குகிற வேலையே வீட்டைவிட்டு வெளியே போனது, அதுதான் மாவட்டக் குளிரூட்டல். ஒரு பகுதிக்கே ஒரு பெரிய ஆலையில் தண்ணீரைச் சுமார் 5 டிகிரிக்குக் குளிரவைத்து, நிலத்தடிக் குழாயில் கட்டடம் கட்டடமாக அனுப்புவார்கள். அபுதாபியில் தப்ரீத் 1998இல் தொடங்கியது, துபாயில் எம்பவர் 2003இல். மரீனா, டவுன்டவுன் மாதிரி புது இடங்களில் வீட்டுக்குள் கம்ப்ரெஸர் கிடையாது, ஒரு ஃபேனும் காயிலும் மட்டும். எங்களைப் போன்ற கேஸ் அடிக்கிற ஆட்களுக்கு அங்கே அதிகம் வேலை இல்லை. ஆலை என்கிற முறையில் நல்ல ஏற்பாடுதான், ஆயிரம் சின்னப் பெட்டிகளைவிட ஒரு பெரிய ஆலை சிக்கனமாக ஓடும். ஆனால் பில் இரண்டாகிவிட்டது. மின்சார பில்லில் 250 யூனிட் என்று பார்த்து, ஆகா, எவ்வளவு சிக்கனம் என்று நினைக்கும்போது, குளிருக்குத் தனி பில் பின்னாலேயே வரும். அதில் ஓடிய டன்-மணிக்கு ஒரு காசு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் வீட்டுக்கென்று ஒதுக்கிவைத்த டன்னுக்கு ஒரு காசு. பள்ளி விடுமுறையில் இரண்டு மாதம் வீட்டைப் பூட்டி ஊருக்குப் போனாலும் அந்த இரண்டாவது காசு நிற்காது. ஜன்னல் ஏசி காலத்தில் வீட்டைப் பூட்டினால் மீட்டரும் தூங்கும். திரும்பி வரும்போது செருப்பிலும் பெல்ட்டிலும் பூஞ்சை பூத்திருக்கும், அது வேறு நஷ்டம்.

வாடகை விளம்பரங்களில் "சில்லர் ஃப்ரீ" என்று கொட்டை எழுத்தில் போடுவது இதனால்தான். குளிர்ச் செலவு வீட்டுக்காரருடையது என்று பொருள். அப்படிப்பட்ட வீட்டின் வாடகை பக்கத்து வீட்டைவிட எத்தனை ஆயிரம் கூட என்று பார்த்துவிட்டுத்தான் இதில் லாபமா என்று சொல்ல முடியும். என் தங்கை மகன் மரீனாவில் ஒரு வருஷம் இருந்தான். போன மாதம் போனில் இரண்டு பில்லையும் படமெடுத்து அனுப்பி, "மாமா, இதுல எதக் குறைக்கிறது?" என்றான். குறைக்கிறதுக்கு அதில் ஒன்றும் இல்லை, பெரிய தொகை ஒதுக்கிவைத்த டன்னில் இருக்கிறது என்றேன். இப்போது கராமாவில் ஒரு பழைய கட்டடத்தில் வீடு பார்த்திருக்கிறான், மூன்றாவது மாடி, மேலே இன்னும் ஒரு தளம் உண்டு, படுக்கையறை கிழக்குப் பார்த்தது. ஸ்பிளிட் ஏசி, மீட்டர் இவன் பெயரில். காயில் கழுவுகிற செலவு வீட்டுக்காரருக்கா இவனுக்கா, பெட்டி எந்த வருஷத்தது, முன்னால் இருந்தவரின் ஆகஸ்ட் மாத யூனிட் எவ்வளவு என்று கட்டடத்துக் காவலாளியான நாத்தூரிடம் கேட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். பெயர்ப்பலகையைப் படமெடுத்து அனுப்பினான். டி3 தான்.